ஹட்டன் பிள்ளைகளும் எங்கள் பெட்டிகளும்

எங்கள் பெரம்பூர் சபையிலிருந்து ஏழு பேர் இலங்கை மலையகத்திற்கு ஊழியப் பயணம் போவதென்று முடிவானபோது எனக்கு இருந்த பெரிய தைரியம் மொழிதான். நேபாளம் போய்வந்த ஒரு குழுவினர், மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் ஒரு பாட்டுகூடச் சொல்லித்தர முடியாமல் திண்டாடிய கதையைக் கேட்டிருந்தேன். ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலோ பிள்ளைகள் பேசுவது தமிழ். ஆகவே, மே மாதம் இங்கே நடத்திய வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகம வகுப்புக்கென்று தயாரித்த பாடல்கள், கைப்பொம்மைகள், கைவேலைப் பொருட்கள் எல்லாவற்றையும் அப்படியே பெட்டிகளில் கட்டிக்கொண்டு ஆகஸ்டில் புறப்பட்டோம்.

கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்; அங்கிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்திற்கும் மேல். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குத் தோட்டத்திலுள்ள சிறிய ஆலயத்தில் பிற்பகல் வகுப்பு. முதல் நாளே மொழி என்னைக் கைவிட்டது. கைவேலைக்கான காகித அட்டைகளைக் கொடுத்துவிட்டு, "எல்லோரும் அட்டையைக் கையில் எடுங்கள்" என்றேன். நாற்பது பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள்; முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்காமல், பதறிப்போய்த் தன் கணுக்காலைத் திருப்பிப் பார்த்தாள். மழைக்காலத்தில் தேயிலைச் செடிகளுக்கிடையே நடந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு அட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரத்தம் உறிஞ்சும் அட்டைதான்.

மறுநாள், நூறு ஆடுகளில் காணாமற்போன ஒன்றை மேய்ப்பன் தேடிப்போவதாக இயேசு சொன்ன உவமை. சென்னையில் பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பதால் கைப்பொம்மையை ஆட்டியபடி வேகமாகச் சொல்லிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அந்த ஆட்டைச் சிறுத்தை தூக்கியிருக்கும்" என்றான். தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. அவன் வீட்டிலும் ஆடு வளர்க்கிறார்கள். அவனுடைய அடுத்த கேள்விதான் என்னை வாயடைக்க வைத்தது: "மற்ற தொண்ணூற்றொன்பது ஆட்டையும் யார் பார்த்துக்கொள்வது?" நான் விழித்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்த அந்தத் தோட்டத்து ஞாயிறு பள்ளி ஆசிரியை எழுந்து, இருட்டுவதற்குமுன் மேய்ப்பன் எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்கி, கொட்டிலில் அடைப்பது, பக்கத்து லயத்துக்காரரை (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) காவலுக்கு வைப்பது, பந்தம் கொளுத்திக்கொண்டு மலையேறுவது என்று தோட்டத்துக்குள்ளேயே அந்தக் கதையை நடத்திக்காட்டினார். பையன் சமாதானமாகி உட்கார்ந்தான். வேதபாட வல்லுநர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. நான் கேட்டவற்றில் அதுவே மிகச் சிறந்த விளக்கம்.

தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில்தான் அந்த ஆசிரியைக்குப் பகல் வேலை. ஆகவே வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேரை அவர் தொட்டிலிலிருந்தே அறிவார். மூன்றாம் நாளிலிருந்து கதை அவருடையது. பாட்டும் படம் வரைதலும் மட்டும் எங்களுடையவை. எங்கள் குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

அதைவிடப் பெரிய மனக்கசப்பு கடைசி நாளில் வந்தது. இயேசுவை ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் கை தூக்கும்படி குழுத் தலைவர் கேட்டார்; எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் எண்ணிக் குறித்துக்கொண்டார். சற்று முன்பு பிஸ்கட் யாருக்கு வேண்டும் என்று கேட்டபோதும் இதே கைகள்தான் உயர்ந்திருந்தன. வந்த பிள்ளைகளில் பலர் இந்துக் குடும்பத்தினர். எங்களை நம்பி அனுப்பிய தாய்மார்கள் மலைச்சரிவில் கூடையோடு நின்றார்கள். பெற்றோர் இல்லாத இடத்தில் எட்டு வயதுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது என் கருத்து. அன்றே சொல்லாமல், ஊர் திரும்பியபின் சொன்னது என் தவறு.

கணுக்காலைப் பார்த்த சிறுமி ஒருநாள் மாலை என் கையைப் பிடித்துத் தன் லயத்திற்கு அழைத்துப் போனாள். ஒரே அறை, முன்னால் சிறு திண்ணை. அவளுடைய பாட்டி பிளேன் டீயோடு உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்துவிட்டு, "கோத்தகிரி உங்க வீட்டுக்குக் கிட்டவா?" என்று கேட்டார். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி, இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தப் பெரிய எண்ணில் ஒருவர் தலைமன்னாரில் கப்பலேறிய இவருடைய அண்ணன். நாங்கள் வெளிநாடு என்று பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போன இடத்தில், அவர் என்னை அண்ணன் ஊர்க்காரியாகப் பார்த்தார். கோத்தகிரி சென்னையிலிருந்து ஓர் இரவுப் பயணத்திற்கும் அதிகம் என்று சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் தூரம் என்று மட்டும் சொன்னேன்.

இந்த ஆண்டு என்ன கொண்டுவரலாம் என்று அந்த ஆசிரியையிடம் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே கேட்டோம். பொம்மையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த, கணக்குச் சொல்லித்தரத் தெரிந்த இரண்டு பேர் வந்து ஒரு மாதம் தங்கினால் போதும் என்று பதில் எழுதினார். சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கணக்கு வராது என்பது சபைக்கே தெரியும். பட்டியலில் என் பெயர் இல்லை.