முதலில் பார்க்கக் கேட்டது

"டாய்லெட்டைப் பார்க்கலாங்களாண்ணா?"

'பேட்லாக் டெய்லர் (பனியன் மடிப்புத் தைக்கும் மிஷினை ஓட்டுபவர்) தேவை' போர்டைப் பார்த்துவிட்டு இன்று காலை எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்த பெண் கேட்ட முதல் கேள்வி இது. சம்பளம் எல்லாம் அப்புறம்தான்.

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். பிறகுதான் மிஷினில் உட்கார்ந்தார்.

பனியனின் கீழ்மடிப்பை அவர் ஓட்டியபோது துணி கொஞ்சம்கூட இழுபடவில்லை. அப்படி ஒரு கை.

"ஒரு ஷிப்ட் மட்டுந்தாங்ண்ணா. பாப்பா ஸ்கூல் விட்டு வந்துரும்."

சரி என்றேன்.

திருப்பூரில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும் 'ஆட்கள் தேவை' போர்டுதான். ஒடிசா, பீகாரிலிருந்து வருகிறவர்களில் பலர் தீபாவளி, சத் பூஜைக்கு ஊருக்குப் போனால் திரும்புவதில்லை. நன்றாகத் தைப்பவருக்கு அடுத்த சந்திலேயே பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) கூட்டித் தர ஆள் இருக்கிறது.

ஆனால் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், கட்டாயம் என்றால் கைக்குழந்தை உள்ளவர் எப்படி வருவார்? தொழில் தெரிந்த எத்தனையோ பெண்கள் இந்த ஊரிலேயே வீட்டில் இருக்கிறார்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இலேயே மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் ஒரே வீதியில் நாலு பேர் சேர்ந்தால் நடத்திவிடலாம்.

எங்கள் ஷெட்டின் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. ஆயா சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளத் தயாரான பக்கத்து யூனிட்காரர்கள் கூப்பிடுங்கள்.