பத்முவில் அத்தையின் பொருத்தனை

கர்த்தருடைய பெரிதான கிருபையால் என் மாமியாரின் பொருத்தனை நிறைவேறியது. அதைப் பார்க்க அவர்கள் இல்லை என்ற குறை உண்டு. ஆனாலும் ஸ்தோத்திரம்.

என் கணவர் சாகக் கிடந்து பிழைத்த காலத்தில் அத்தை செய்த பொருத்தனை அது. "ஆண்டவரே, இவனைத் திருப்பிக் கொடுத்தால் பத்முவுக்குக் கூட்டிப்போய் உம்முடைய சந்நிதியில் முழங்காற்படியிட வைப்பேன்." எருசலேம் என்று சொல்லியிருந்தால் கூட்டிப்போக எத்தனையோ பேர். எங்கோ கிரேக்கத் தீவான பத்மு எதற்கு அத்தை என்றால், "யோவான் அங்கேதானே இருந்தார்" என்பார்கள், அவ்வளவுதான். கண் மங்கிய பிறகு ராத்திரியில், யோவான் அங்கே கண்ட தரிசனத்தைச் சொல்லும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். எக்காளமும் கலசமும் மிருகமும் வரும்போது தூங்கிவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் அதிகாரம் என்றால் மட்டும் விழித்துக்கொண்டு, "ஏழு சபைக்கு எழுதினதை இன்னொரு தரம் வாசி" என்பார்கள்.

அதனால் துருக்கியில் ஏழு சபைகள் இருந்த ஊர்களைப் பார்த்துவிட்டுக் கடல் தாண்டிப் பத்முவுக்குப் போகும் குழுவில் சேர்ந்தோம். பேருந்தின் கடைசி வரிசையில் இரண்டு ஐயாமார். ஏறினதிலிருந்து அந்த மிருகத்தின் எண்ணான 666 யார், முத்திரை என்பது கையில் வைக்கிற சிப்பா, ஆண்டவருடைய வருகை எந்த வருஷம் என்று ஒரே வாக்குவாதம். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர யாரும் அறியார்கள் என்று ஆண்டவரே சொன்ன பிறகும் சிலருக்குக் கணக்கு போடாமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

எபேசுவில் நெரிசல் சொல்லி முடியாது. வாசலில் கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. அசல் போலி வாட்ச் என்று பலகையே வைத்து விற்கிறார்கள், அந்த நேர்மையாவது இருக்கிறதே. சிமிர்னாவையும் பெர்கமுவையும் ஓட்டமாய்ப் பார்த்தோம். தியத்தீரா இன்றைய ஊரின் நடுவில் வேலி போட்ட கொஞ்சம் கற்கள்தான். லவோதிக்கேயாவில் பழைய தண்ணீர்க் குழாய்களின் உட்புறம் சுண்ணாம்பு கெட்டியாய்ப் படிந்து பாதி அடைத்திருந்தது. எதிரே வெந்நீர் ஊற்றுகளுள்ள எராப்போலி மலைச்சரிவு வெள்ளையாய்த் தெரிகிறது. அந்தச் சபைக்கு எழுதின 'குளிருமின்றி அனலுமின்றி' என்ற வசனத்தை அங்கே நின்று வாசித்தால் தொண்டையில் சிக்குகிறது.

நான் நகர மனமில்லாமல் நின்ற இடம் பிலதெல்பியா. இப்போது அலாஷெஹிர் என்று பெயர். குடியிருப்புகளுக்கு நடுவே, யோவான் பேரில் பிற்காலத்தில் கட்டிய ஆலயத்தின் பருத்த செங்கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. கூரையும் இல்லை, பீடமும் இல்லை. கி.பி. 17இல் பெரிய பூகம்பம் வந்து அலைக்கழிந்த ஊர் அது. அதற்குப் பிறகும் நடுக்கம் விடாததால் நிறைய பேர் ஊருக்கு வெளியே வயல்வெளியில் குடியிருந்தார்களாம். அப்படி ஓடி ஓடிப் பழகிய ஜனங்களுக்குத்தான், 'தேவனுடைய ஆலயத்திலே தூணாக்குவேன், அதினின்று அவன் ஒருக்காலும் நீங்குவதில்லை' என்ற வாக்குத்தத்தம். அத்தை இந்த வசனத்தை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று அப்போது விளங்கிற்று. வாழ்க்கை முழுவதும் வாடகை வீடு மாறி மாறி இருந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் கடல். பத்முவில் விமான நிலையம் கிடையாது, கப்பலை விட்டால் வழியில்லை. சாமோஸ் தீவு வரை வந்துவிட்டோம், அங்கே மெல்டெமி என்கிற வடகாற்று பிடித்துக்கொண்டது. கப்பல் விடமாட்டோம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். பயண ஏற்பாட்டாளரோ போனையே எடுக்கவில்லை. தங்குவதற்கு எங்கள் கையிலிருந்துதான் செலவு. மறுநாள் விட்ட கப்பலிலும் ஆட்டம் குறையவில்லை. நான் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்துக்கொண்டிருக்க, என் கணவர் முதுகைத் தடவியபடி, "கவலைப்படாதே, புதிய பூமியில் 'சமுத்திரமும் இல்லாமற்போயிற்று' என்று எழுதியிருக்கிறது" என்றார். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. ரோமப் பேரரசன் தோமித்தியன் காலத்தில், கி.பி. 95 வாக்கில் யோவான் இங்கே நாடு கடத்தப்பட்டார் என்பது சபைப் பாரம்பரியம். எபேசுவில் தன் ஜனங்கள், இங்கே தான், நடுவில் இந்தக் கடல். அவர் அந்த வரியை எழுதியபோது மனசு எப்படி இருந்திருக்கும்!

ஸ்காலா துறைமுகத்திலிருந்து மேலே சோரா ஊருக்குப் போகும் பாதையின் பாதியில், யோவான் தரிசனம் கண்டதாகச் சொல்லும் குகை. பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று வந்து நின்றிருந்தது. படியெல்லாம் கூட்டம், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டி, ஒவ்வொரு மொழியில் சத்தம். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தும் செல்போன்கள் உயர்ந்துகொண்டேதான் இருந்தன. எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. இதற்காகவா வந்தோம்?

தாழ்ந்த பாறைக்கூரையில் மூன்றாய்ப் பிரிந்த வெடிப்பு. யோவான் கேட்ட தேவ சத்தம் அதன் வழியாய்த்தான் வந்தது என்கிறார்கள். சுவரில் தரையோரமாய் வெள்ளி விளிம்பு கட்டிய ஒரு குழி, யோவான் தலைசாய்த்த இடமாம். அதற்குச் சற்று மேலே இன்னொரு சின்னக் குழி. எழுந்திருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார் என்று வழிகாட்டி சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்குக் கால் ஓடவில்லை. வானமும் பூமியும் அகன்றோடுவதைக் கண்டு எழுதியவர், பாறையைப் பிடிக்காமல் எழும்ப முடியாத கிழவனார். அத்தையும் கடைசி வருஷங்களில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் முழங்காலிலிருந்து எழுவார்கள். நாம் தூக்கிவிடப் போனால் விடமாட்டார்கள்.

கறுப்பு அங்கி போட்ட வயதான துறவி ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கையைக் காட்டிக் கூட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தினார். என் கணவர் முழங்காற்படியிட்டார். நெடுநேரம் ஜெபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "ஆண்டவரே, அம்மா சொன்னபடி வந்துவிட்டேன்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுதார், நானும் அழுதேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பது மட்டும் வாயில் வந்துகொண்டிருந்தது. 'உங்களுக்குள்ளதை நான் வருமளவும் பற்றிக்கொண்டிருங்கள்' என்று தியத்தீராவுக்கு எழுதிய வசனம் அத்தையின் குரலிலேயே கேட்டது.

மேலே 1088இல் தொடங்கிய யோவான் மடம் கோட்டை மாதிரி நிற்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தாள்கள் சில அங்கே இருக்கின்றன. பார்த்தோம், ஆனால் மனசு குகையிலேயே இருந்தது.

திரும்புகிற கப்பலில் காற்று அடங்கியிருந்தது. கடைசி வரிசை ஐயாமார் மறுபடியும் 666இல் ஆரம்பித்தார்கள். என் கணவர் எழுந்து போய், "ஐயா, மூன்றாம் அதிகாரத்தைக் கொஞ்சம் சத்தமாய் வாசிக்கிறீர்களா? எங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும்" என்று வேதாகமத்தை நீட்டினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சர்தை சபைக்கு எழுதினதிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.