நஞ்சுக்கும் உள்வாய்க்கும் நடுவே

கோபிச்செட்டிபாளையத்தில் ஸ்கேன் டாக்டராக உட்கார்ந்த புதிதில், கர்ப்பிணிகளின் 20-ஆவது வார ரிப்போர்ட்டில் ‘நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்த வரி ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று யோசித்ததில்லை.

32-ஆவது வாரம் மகளைக் கூட்டிவந்த ஓர் அம்மா சொன்னார்: “நஞ்சு கீழ இருக்குதுன்னு நீங்க எழுதினதுல இருந்து அம்மிணியைக் கட்டலை விட்டு எறங்கவே விடலீங்க டாக்டரம்மா.” பார்த்தால் நஞ்சு எங்கோ மேலே இருந்தது. கருப்பையின் கீழ்ப்பாகம் போகப்போக நீண்டு வளரும். பெரும்பாலானவர்களுக்கு நஞ்சும் அதோடு உள்வாயை, அதாவது குழந்தை வெளியே வரும் கருப்பை வாயின் உள்திறப்பை, விட்டு விலகிவிடும். போதாததற்கு, முதல் ஸ்கேனை மூத்திரப்பை முட்ட நிறைந்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். நிறைந்த பை கீழ்ச்சுவர்களை அமுக்கி, நஞ்சு வாயை மூடியிருப்பது போலக் காட்டிவிடும். மூன்று மாதம் அந்தப் பெண் படுத்தே கிடந்ததற்கு என் அவசரம்தான் காரணம்.

அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனில் மில்லிமீட்டர் கணக்காக அளந்துதான் எழுதுகிறேன். “உள்ள விட்டா நஞ்சைக் குத்திடாதுங்களா?” என்று கேட்காதவர்கள் குறைவு. கருவி கருப்பை வாய்க்குள் நுழைவதே இல்லை, கொஞ்சம் தள்ளியே நிற்கும். திரையில் காட்டினால் முகம் தெளிந்துவிடும். கடைசி மாதத்தில் நஞ்சின் ஓரம் உள்வாயிலிருந்து 20 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால், அதை வைத்து சுகப்பிரசவத்தைத் தடுக்க வேண்டியதில்லை.

தாளவாடியிலிருந்து வந்த பெண்ணுக்கு நஞ்சு விலகவில்லை. முதல் பிரசவம் சிசேரியன்; நஞ்சு சரியாக அந்தத் தழும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நஞ்சுக்குள் ஆப்பத்தின் ஓட்டைகள் போலக் கருங்குழிகள், அவற்றில் ரத்தம் சுழன்றுகொண்டிருந்தது. நஞ்சுக்கும் கருப்பைத் தசைக்கும் நடுவே தெரியவேண்டிய மெல்லிய கருங்கோட்டைக் காணோம். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டால் மூத்திரப்பை ஓரமாக ரத்தக்குழாய்கள் மொய்த்துக் கிடந்தன. நஞ்சு தழும்புக்குள் வேர்விட்டிருந்தது. பிரசவத்தில் அதைப் பிரித்தெடுக்கப் பார்த்தால் ரத்தம் நிற்காது. அவளுக்கோ வலி இல்லை, ஒரு சொட்டு உதிரப்போக்கும் இல்லை.

தாளவாடிக்குப் போகும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தன. மலைக்குத் திரும்ப வேண்டாம், கோயம்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள் என்று கணவரிடம் சொன்னேன். பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்து, பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, வலி வருவதற்கு முன்பே, 35-ஆவது வாரத்தில் ஆபரேஷன் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கணவர் வந்தார். “ஏழு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. கருப்பையை எடுத்துட்டாங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கங்க” என்றார். நான் எழுதிக் கொடுத்த தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியாமல் வைத்திருந்தார்.