பான்கேக் விற்றுக் கோயில் நடக்காது

சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய் மாலை அமெரிக்காவின் பெரும்பாலான எபிஸ்கோப்பல் கோயில்களில், அதாவது அங்கிருக்கிற ஆங்கிலிக்கன் சபையின் கோயில்களில், பான்கேக் விருந்து நடக்கும். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலமான லெந்து தொடங்குமுன் வீட்டில் இருக்கிற முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிடுகிற இங்கிலாந்துப் பழக்கம், ஆங்கிலிக்கன் சபையோடு சேர்ந்தே கப்பலேறி வந்தது. நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளிலிருந்து போய் அங்கே சேர்ந்திருக்கிற தமிழர்களுக்கு அசனம் என்கிற கோயில் விருந்து தெரியும், அறுப்பின் பண்டிகை ஏலம் தெரியும். அந்தக் கண்ணோடு பார்ப்பதால் இந்த விருந்தையும் கோயிலுக்குப் பணம் சேர்க்கிற வழி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். விருந்துக் குழுவில் சேர்ந்ததும் முதல் யோசனையாக "டிக்கெட் விலையைக் கூட்டலாமே" என்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 100 பேர் வந்து தலைக்கு 10 டாலர் போட்டால் 1,000 டாலர். மாவு, சாசேஜ், சிரப், ஆரஞ்சு ஜூஸ், காகிதத் தட்டு என்று தலைக்கு நான்கு டாலர் செலவு வைத்தால் கையில் நிற்பது 600. வாரம் 25 டாலர் தருவதாக எழுதிக் கொடுத்த ஒரே ஒரு குடும்பம் வருஷத்துக்கு 1,300 டாலர் தருகிறது. இரண்டு விருந்து நடத்தினாலும் அந்த ஒரு குடும்பத்துக்கு ஈடாகாது. ரெக்டர், அதாவது கோயிலின் தலைமைக் குருவின் சம்பளம், அவருடைய ஓய்வூதிய நிதி, ஆர்கன் வாசிப்பவர், ஹீட்டர் பில், பேராயத்துக்குக் கட்டும் பங்கு எல்லாமே அந்த எழுதிக் கொடுத்த காணிக்கையில்தான் ஓடுகின்றன. இதைத்தான் அங்கே பிளெட்ஜ் என்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் அட்டை கொடுத்து, வருகிற வருஷம் எவ்வளவு தர முடியும் என்று கேட்பார்கள். அந்தக் கூட்டுத்தொகையை வைத்து வெஸ்ட்ரி, அதாவது சபையார் தேர்ந்தெடுத்த கமிட்டி, பட்ஜெட் போடும். ஜனவரி வாக்கில் நடக்கும் வருடாந்தரக் கூட்டத்தில் அது சபைக்கு முன் வரும்.

அப்படியானால் பான்கேக் எதற்கு? காலை 8 மணி ஆராதனைக்கு வருகிறவர்களும் 10:30 ஆராதனைக்கு வருகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்வதற்கு. எட்டு மணிக்காரர்கள் பெரும்பாலும் பாட்டில்லாத, பழைய நடையிலுள்ள முதலாம் முறைமைக்கு வருவார்கள். பத்தரை மணிக்காரர்கள் பாடகர் குழுவோடு இரண்டாம் முறைமைக்கு. 1979 பொது ஜெபப் புத்தகத்தில் இரண்டும் உண்டு. ஒரே கோயில்தான், ஆனால் வருஷம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருந்துவிட முடியும். அதனால் வாசலில் டிக்கெட் மேசை வேண்டாம், விரும்பியதைப் போட ஒரு கூடை போதும். பணமில்லாத மாணவரும் நான்கு பிள்ளைகளோடு வருகிற அம்மாவும் தயங்காமல் உள்ளே வரட்டும்.

இனி அடுப்படி. 100 பேருக்குத் தலைக்கு மூன்று, கொஞ்சம் மிச்சம் என்று 320 பான்கேக் போட வேண்டும். மாவு ஏழரைக் கிலோ, பால் 12 லிட்டர், முட்டை 40, உருக்கிய வெண்ணெய் ஒன்றே முக்கால் கிலோ, பேக்கிங் பவுடர் அரைக் கிலோவுக்குச் சற்று மேல், உப்பும் சர்க்கரையும் ருசிக்கு. கரைத்தால் சுமார் இருபது லிட்டர் வரும். ஒன்றுக்குக் கால் கப், அதாவது 60 மில்லி. கரண்டி எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒருவர் போடுவது தட்டளவு, இன்னொருவர் போடுவது காசளவு. சிரப்புக்கும் தலைக்கு 60 மில்லி வைத்தால் ஆறு லிட்டர். மாவு முழுவதையும் நாலு மணிக்கே கரைத்து வைப்பதுதான் எல்லாக் கோயில்களிலும் நடக்கிற தப்பு. தோசை மாவு மாதிரி நேரமாக ஆக மேலே வருகிற சரக்கல்ல இது. பேக்கிங் பவுடரின் வேகம் ஈரம் பட்டதுமே ஆரம்பித்துவிடும். ஏழு மணிக்கு ஊற்றினால் தட்டையாகத்தான் வரும். உலர்ந்ததை ஒரு பக்கமும் ஈரமானதை ஒரு பக்கமும் அளந்து வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை கலக்குங்கள். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அவை போகும்வரை அடித்தால் ரப்பராகிவிடும்.

அதைவிடப் பெரிய வில்லன் மின்சாரம். வீட்டு எலக்ட்ரிக் கிரிடில், அதாவது மின்சாரத் தோசைக்கல், ஒன்று 1,500 வாட் இழுக்கும். 120 வோல்ட்டில் அது பன்னிரண்டரை ஆம்பியர். சுவரிலிருக்கிற பிளக்குக்குப் பின்னால் 15 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கர்தான் இருக்கும். ஆக, ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு கிரிடில், அவ்வளவுதான். பழைய பாரிஷ் ஹால்களில் ஒரே சுவரிலுள்ள நான்கு பிளக்கும் ஒரே சர்க்யூட்டில் இருப்பது சகஜம். இதற்குள் யாராவது நல்லெண்ணத்தோடு பெரிய காபி பாய்லரையும் அங்கேயே செருகுவார்கள். அதுவும் இன்னொரு 1,500 வாட். ஆறு மணிக்கு, வரிசை வாசல்வரை நிற்கும்போது, எல்லாம் ஒன்றாக அணையும். பிரேக்கர் பெட்டி இருக்கிற அறையின் சாவி எட்டு மணிக்காரர் ஒருவரிடம் இருக்கும், அவர் ஊரில் இருக்கமாட்டார். முந்தின ஞாயிறே ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு விளக்கை மாட்டி, பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, எது எதோடு சேர்ந்தது என்று பிளக்கின் மேலேயே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டில் கிரிடில் மாட்டுவது மட்டும் கூடவே கூடாது, சூடேறி உருகும். சமையலறையில் கேஸில் ஓடுகிற பெரிய கல் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ஒரு கிரிடிலில் ஒரு தடவைக்கு எட்டு. 375 டிகிரி பாரன்ஹீட்டில் இரு பக்கமும் வேக நான்கு நிமிஷம், வெண்ணெய் தடவ ஒரு நிமிஷம். மணிக்கு 96 வரும். இரண்டு மணி நேர விருந்துக்கு இரண்டு கிரிடில் போதும் என்று கணக்குச் சொல்லும், நம்பாதீர்கள். மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் பிள்ளைக் குடும்பங்கள் எல்லாம் முதல் அரைமணியிலேயே வந்து இறங்குவார்கள். நான்கு சர்க்யூட் கிடைத்தால் நான்கு கிரிடில் வையுங்கள். கதவு திறக்க அரைமணி முன்பே சுடத் தொடங்கி, 200 டிகிரி பாரன்ஹீட் ஓவனில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வையுங்கள். அலுமினியத் தாளில் போட்டு இறுக்கி மூடினால் ஆவியில் நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். குளூட்டன் ஆகாதவர்களுக்குத் தனிக் கிரிடில், தனிக் கரண்டி. சாசேஜ் பன்றியா கோழியா என்று அட்டையில் எழுதி வைக்க வேண்டும். மிஞ்சிய மாவைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். குப்பைப் பையில் போடுங்கள்.

விருந்து நடக்கும்போதே வெளியே இன்னொரு வேலை. போன வருஷக் குருத்தோலை ஞாயிறுக்கு வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எரிப்பார்கள். மறுநாள் நெற்றியில் இடும் சாம்பல் அதுதான். ஓலை மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும். கத்தரியால் விரல்நீளத்துக்கு வெட்டி, இரும்பு வாளியில், காற்றில்லாத மூலையில், பக்கத்தில் தண்ணீர் வாளியோடு எரிக்க வேண்டும். அரைகுறையாக எரிந்தால் கருப்பு நார்தான் மிஞ்சும். கிளறிக் கிளறி மறுபடி எரிக்க வேண்டும். ஆறியபின் உரலில் இடித்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். ஒரு வாளி ஓலைக்கு ஒரு பிடிச் சாம்பல் கிடைத்தால் பெரிது, ஆனால் ஒரு மேசைக்கரண்டியே நூறு நெற்றிக்கு மேல் வரும். ஒட்டுவதற்கு ஆலிவ் எண்ணெய் சில சொட்டு போதும். தண்ணீர் விடவே கூடாது: சாம்பலில் காரம் உண்டு, ஈரம் பட்டால் தோல் எரிந்து கொப்பளிக்கும். செவ்வாய் ராத்திரியே எரிப்பது குழந்தைகளுக்கு வேடிக்கை, பீடத்தைக் கவனிக்கிற ஆல்ட்டர் கில்டுக்குத் தலைவலி. சாம்பலுக்குப் பொறுப்பு அவர்கள். காலை 7 மணி ஆராதனைக்குச் சூடு ஆறாத சாம்பலைச் சலித்துக்கொண்டு நிற்பார்கள். ஞாயிறன்றே பாதியை எரித்து எடுத்துவைத்து, செவ்வாயன்று மீதியை எரிப்பது நல்லது.

புதன்கிழமை பணப்பேச்சே வேண்டாம். ரயில் நிலைய வாசலில் நின்று போகிறவர்களுக்குச் சாம்பல் இடுகிற கோயில்களும் உண்டு. அங்கே காணிக்கைத் தட்டு வைத்தால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? அன்றைய சுவிசேஷமே மத்தேயு ஆறாம் அதிகாரம், வலதுகை செய்கிற தர்மத்தை இடதுகை அறியவேண்டாம் என்கிற பகுதி. பிளெட்ஜ் விஷயத்தில் எபிஸ்கோப்பல் சபையார் இதைக் கிட்டத்தட்ட அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்: யார் எவ்வளவு எழுதினார் என்பது பொருளாளருக்கோ பதிவு செய்கிற ஒருவருக்கோ மட்டும் தெரியும், சில கோயில்களில் ரெக்டருக்கும். ஏலத்தில் பெயரும் தொகையும் உரக்கச் சொல்லிப் பழகிய நமக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் ஐந்து டாலர் எழுதுகிறவரும் தயங்காமல் எழுதுவது இதனால்தான்.

கூடைப் பணத்துக்கு வருவோம். எதற்கு என்று முன்கூட்டியே ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: வாலிபர் பயணம், உணவு வங்கி, சபையின் நிவாரண அமைப்பான எபிஸ்கோப்பல் ரிலீஃப் அண்ட் டெவலப்மென்ட், இப்படி ஏதாவது. "கோயில் நிதிக்கு" என்று எழுதின கூடையில் ஒரு டாலர் நோட்டு விழும். ஆனால் காரியத்தைச் சொல்லிவிட்டால் பணம் அதற்கே கட்டுப்பட்டது. மார்ச்சில் கட்டடத்தைச் சூடாக்குகிற பாய்லர் கெட்டது என்று அதில் கைவைக்க முடியாது. அன்று இரவே, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாவு வாங்கினவருக்குக் கூடையிலிருந்தே காசை எடுத்துக் கொடுப்பது வேண்டாம்; ரசீது வாங்கிக்கொண்டு செக் கொடுங்கள், இல்லாவிட்டால் வரவும் தெரியாது, செலவும் தெரியாது. ஒருவர் 100 டாலர் செக் போட்டு விருந்தும் சாப்பிட்டால், சாப்பாட்டின் மதிப்பைக் கழித்த மிச்சத்துக்குத்தான் வரிச்சலுகை. பதிலுக்கு ஏதாவது கிடைக்கிற காணிக்கை 75 டாலரைத் தாண்டினால், கோயில் அந்த மதிப்பை எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர் சலுகை கோர, கோயிலின் எழுத்துமூல ஒப்புகை வேண்டும். ராஃபிள் என்கிற குலுக்கல் சீட்டுக்குச் சலுகையே கிடையாது. எல்லாத் தாள்களையும் அந்த வாரமே பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 1க்குள் பேராயருக்குப் போக வேண்டும், ஆகஸ்டில் யாரும் மாவு ரசீதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.