டிஃபெக்ட் என்று குறைத்துக் கொடுத்த கல்

புது வீட்டுச் சமையல் மேடைக்குப் பாரடைசோ போட்டோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல். இளஞ்சிவப்பும் கருப்பும் சுருண்டு சுருண்டு ஓடும். ஒரு மூலையில் வெள்ளைக் கோடு ஒன்று எல்லா வரிகளையும் குறுக்கே வெட்டிப் போகிறது, அதை ‘டிஃபெக்ட்’ என்று சொல்லிச் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைத்தார்கள்.

கடையில் இதற்குப் பெயர் கிரானைட். குற்றமில்லை, நன்றாகப் பாலிஷ் ஏறும் கல் எல்லாமே அவர்களுக்குக் கிரானைட்தான், டாலரைட் என்ற வேறு வகைக் கருப்புப் பாறைகூட அங்கே ‘பிளாக் கிரானைட்’. ஆனால் இது மிக்மடைட். 1907-ல் பின்லாந்தின் புவியியலாளர் செடர்ஹோம் வைத்த பெயர், கலவைப் பாறை என்று பொருள். கிரானைட் ஆகப் புறப்பட்டு வழியிலேயே நின்றுவிட்ட கல் என்று நான் சொல்வேன்.

மலை எழும்பும் காலத்தில் பழைய பாறைகள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் போய்ப் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி, ‘நைஸ்’ (gneiss) என்ற வரிவரியான பாறை ஆகின்றன. இன்னும் சூடேறினால் உருக ஆரம்பிக்கும், ஆனால் மொத்தமாக இல்லை. தண்ணீர் இருந்தால் 650, 700 டிகிரியிலேயே குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற வெளிர் கனிமங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் கசியத் தொடங்கும். இல்லாவிட்டால் பயோடைட் என்ற கருப்பு மைக்கா சிதைந்து தன்னுள் இருக்கும் நீரை விட வேண்டும், அதற்கு 800 டிகிரி பக்கம் போகணும். அந்தக் கசிவுதான் வெளிர் வரி. உருகாமல் நின்றது கருப்பு வரி. கசிவு சுற்றியுள்ள பாறையைவிட லேசானது, விரிசல் கிடைத்தால் மேலேறி, ஒன்றுகூடி, மெல்ல ஆறினால் அசல் கிரானைட்.

இதைப் பெரிய அளவில் பார்க்கக் கர்நாடகத்தின் ராமநகரம் போகலாம். குளோஸ்பேட் என்பது அதன் பழைய பெயர், குளோஸ்பேட் கிரானைட் என்றே அந்தப் பாறைக்கும் பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு, தெற்கு வடக்காக நானூறு கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. நிலம் சாய்ந்து தேய்ந்ததால் தெற்கே கப்பாளதுர்கா பக்கம் ஆழமான அடிப்பகுதியே வெளியே தெரிகிறது, அங்கே நைஸ் எது கிரானைட் எது என்று பிரிக்க முடியாது. வடக்கே போகப் போக ஒரு காலத்தில் மேல்மட்டமாக இருந்த பகுதி, கலப்பில்லாத கிரானைட். எல்லாமே நைஸ் உருகி வந்ததும் இல்லை, இன்னும் கீழே, புவியோட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலிலிருந்து வந்த பாறைக் குழம்பும் அதில் கலந்திருக்கிறது.

சரி, அந்த வெள்ளைக் கோடு. வரிகள் எல்லாம் உருவான பிறகு, விரிசல் பார்த்து வெளியேறக் கிளம்பிய உருகல் அது, போகும் வழியிலேயே உறைந்துவிட்டது. இப்போது அதன் மேல்தான் இட்லி மாவுப் பாத்திரம் உட்கார்ந்திருக்கிறது.