தரவைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிகிறதா? திருத்துவோருக்குச் சில குறிப்புகள்

பிராஜெக்டுக்கு ஆய்வுக் கேள்வி எழுதி வரச் மாணவர்களிடம் சொன்னால், "கடலூரில் புயலின் தாக்கம்" என்று எழுதி வருவார்கள். அது தலைப்பு, கேள்வி அல்ல. கேள்வி கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டுமானால் தரவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரி வானிலை நிலையங்களின் பத்தாண்டு அக்டோபர்–டிசம்பர் தினசரி மழையளவு போதும். நிலையம், தேதி, மழை (மி.மீ.) என மூன்று நிரல்கள். விடுபட்ட கட்டங்களை நிரப்பாமல் அப்படியே விடுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்பவர் யார் என்று அதில் தெரிந்துவிடும்.

நேரம் 45 நிமிடம். முதல் 10 நிமிடம் அட்டவணையைப் படிக்க மட்டும். பிறகு மூன்று கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் எந்த நிரல்கள் தேவை, எந்த வரைபடம், விடை எந்த மாதிரி வாக்கியமாக வரும் என்று எழுதச் சொல்லுங்கள். உண்மையான சோதனை இதுதான். கேள்வியை மட்டும் வாங்கினால் சீனியர் நோட்டிலிருந்து வந்ததையும் சொந்தமாக யோசித்ததையும் பிரிக்க முடியாது.

மாறி (எதை அளக்கிறோம் என்பது) தெளிவா, இடமும் காலமும் உண்டா, இந்தத் தரவே விடை தருமா, முழுத் தொகுப்பையும் பற்றியதா: தலா 2 மதிப்பெண், மொத்தம் 8. மூன்றாவதில் பூஜ்யம் வாங்கிய கேள்விக்கு மொத்தம் 3-ஐத் தாண்ட விடாதீர்கள். "புயல் ஏன் இங்கேயே வருகிறது?" அந்த வகை, மழை அட்டவணையில் காரணம் கிடைக்காது. "அதிக மழை பெய்த நாள் எது?" என்பதோ ஒரே ஒரு கட்டத்தைத் தேடி எடுக்கும் வேலை, நான்காவதில் தேறாது. "ஒரே நாளில் 100 மி.மீ.க்கு மேல் பெய்த நாட்கள் ஆண்டுக்கு எத்தனை, இரு ஊருக்கும் அதில் என்ன வித்தியாசம்?" என்றால் முழு மதிப்பெண் தரலாம்.

நல்ல மாணவரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காலை 8.30 மணிக்குப் பதிவாகும் மழை அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கானது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த இரவு மழை டிசம்பர் 1 கணக்கில் ஏறும். மாதவாரியாக ஒப்பிடும் கேள்வியில் இதைக் கவனித்து எழுதியவருக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் தாராளமாகப் போடலாம்.

திருத்தத் தொடங்கும் முன் ஒரே பத்து விடைத்தாள்களை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்திப் பாருங்கள். பெரும்பாலும் இடிப்பது நான்காவது அளவுகோலில்தான். அதற்கு மட்டும் 0, 1, 2 ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிக் கேள்வியை எழுதி ஒட்டிக்கொண்டு மீதியைத் திருத்துங்கள்.