வடதுருவத்தில் முளைத்த அடம்பன் கொடி

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கொடி யாழ்ப்பாணக் கரையில் எங்கெங்கே படர்ந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் போட ஆசை. ஒரு பின்னேரத்தில் முடியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி வைக்கும் ஜிபிஃப் (GBIF) தளத்தில், செடியை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய தாள்களின் விவரமும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் சனம் ஏற்றிய படங்களும் ஒன்றாகக் கிடக்கின்றன. தாவரவியல் பெயரைக் கொடுத்துத் தேடினேன்: ஐப்போமியா பெஸ்-காப்ரே. ஆட்டுக்கால் என்று அர்த்தம். இலையைப் பார்த்தால் புரியும். லின்னேயஸ் 1753இல் வைத்த பழைய பெயரில் கிடக்கும் பதிவுகளையும் அதுவே சேர்த்துத் தந்துவிடுகிறது. தேடிப் பார்க்கப் பயனர் கணக்குத் தேவையில்லை, தரவிறக்கத்தான் அது வேண்டும்.

வந்த கோப்பின் பெயரில் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை, என்று இருந்தாலும் உள்ளே காற்புள்ளி இல்லை, டாப் இடைவெளிதான். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் பிரிக்கும் குறியை டாப் என்று மாற்றிவிட்டேன். சரி, வேலை முடிந்தது என்று பார்த்தால் யாழ்ப்பாணம் வெறுமையாகக் கிடந்தது. பெருப்பித்துச் சிறுப்பித்துத் தேடினேன். புள்ளிகளெல்லாம் நோர்வேக்கு வடக்கே, ஐஸ் கடலில் நின்றன! எக்ஸ் என்ற பெட்டியில் நெடுங்கோடு வரவேண்டும், நான் அகலக்கோட்டைக் கொடுத்திருந்தேன். எங்கள் அகலக்கோடு 9.7, நெடுங்கோடு 80. இரண்டும் இடம் மாறினால் வடதுருவப் பக்கம்தான் போகும்.

திருத்தியதும் புள்ளிகள் ஊருக்கு வந்தன. ஆனால் எல்லாவற்றையும் நம்ப ஏலாது. இடம் எத்தனை மீட்டர் பிசகலாம் என்று ஒரு நிரல் இருக்கிறது. அதில் பெரிய எண் உள்ளவற்றையும் வெறுமையானவற்றையும் ஒதுக்கினேன். மிஞ்சியவை கொஞ்சம். நான் சின்ன வயதில் கால் தடக்கி விழுந்த மணற்காட்டுக் கரையில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஞாயிறு கைபேசியோடு அங்கே போனேன். இராவணன் மீசைப் புல்லுக்கு நடுவே அடம்பன் ஊதாப்பூவோடு படர்ந்து கிடந்தது. குனிந்து இலையும் பூவும் தனித்தனியே எடுத்துக்கொண்டிருக்க, வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கேட்டார்: "உதையேன் தம்பி படம் எடுக்கிறீர்? உது எங்கையும் கிடக்குதுதானே."

அதனால்தான் ஒருவரும் பதியவில்லை ஐயா என்றேன். அவர் சிரித்துவிட்டு, அங்கால் இன்னும் பெரிய பற்றை கிடக்கு என்று கையைக் காட்டினார்.